துறைமுகங்கள் தந்த கோழிகள்

இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற நெருக்கமான பகுதிகளிலும் வீட்டுப் பின்புறத்தில் நாலைந்து கோழிகள் வளர்ப்போர் உண்டு. அவ்வகைச் சிறு கூட்டங்களில் பெரும்பாலும் எல்லாக் கோழிகளும் ஓர் இனமாக இரா. வெள்ளை லெகார்ன் ஒன்று, செம்பழுப்பு ரோட் ஐலண்டு ஒன்று, நிமிர்ந்த நடையுடைய பெருவிடைச் சேவல் ஒன்று, நாட்டுக்கோழிகள் இரண்டு என்று கலந்தே இருக்கும். இவை எவ்வாறு ஒரே கூட்டுக்கு வந்து சேர்ந்தன? சேர்ந்து வாழ்வதில் நன்மை என்ன, தீமை என்ன? இவற்றுக்கு விடை தேடினால் துறைமுகங்களின் வரலாற்றுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

பெயரில் ஒளிந்துள்ள ஊர்கள்

லெகார்ன் என்பது ஒரு துறைமுகத்தின் பெயர். இத்தாலியின் லிவோர்னோ நகரை ஆங்கிலேயர் அவ்வாறு அழைத்தனர். 19ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா சென்ற கோழிகளின் வழித்தோன்றல்களே இன்றைய லெகார்ன்கள். குள்ளக் கோழிகளைக் குறிக்கும் பேண்டம் என்ற சொல்லும் சாவகத் தீவிலுள்ள பாண்டன் என்னும் துறைமுகத்திலிருந்து பிறந்ததே. நம் நாட்டு அசீல் என்னும் சண்டைக்கோழி எதிர்த்திசையில் பயணம் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிக்குச் சென்ற அசீல்கள் அங்குள்ள கோழிகளுடன் கலந்ததால் கார்னிஷ் என்னும் சதைப்பற்றுள்ள இனம் உருவாயிற்று. இன்று உலகெங்கும் வளர்க்கப்படும் பிராய்லர் கோழிகளின் முன்னோர்களுள் கார்னிஷ் முதன்மையானது.

இக்கலப்பு இதனினும் பழமையானது. வீட்டுக்கோழிகள் யாவும் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்தே தோன்றின என்று டார்வின் 1868ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் கருத்துரைத்தார். அது பெரும்பாலும் சரியே. ஆனால் 2008ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு ஒரு திருத்தம் சொன்னது. பல வீட்டுக்கோழிகளின் மஞ்சள் தோலுக்கும் மஞ்சள் காலுக்கும் காரணமான மரபணு சிவப்புக் காட்டுக்கோழியிடமிருந்து வந்ததன்று. தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. இத்தாலியிலிருந்து வந்த லெகார்னின் மஞ்சள் கால்களில் நம் மேற்குத் தொடர்ச்சி மலையை நினைவூட்டும் சொத்து ஒன்று இருக்கிறதென்றால் வியப்பாக இல்லையா?

கலந்து வளர்ப்பதில் பயனும் உண்டு. மிகுதியாக முட்டையிடும் லெகார்ன் பொதுவாக அடைகாப்பதில்லை. நாட்டுக்கோழியோ குறைவாக முட்டையிட்டாலும் 21 நாள் அசையாமல் அமர்ந்து குஞ்சு பொரிக்கும். ஒன்றின் முட்டையை மற்றொன்று அடைகாக்கும்போது சிறு கூட்டத்தின் குறை நிறைவாகிறது.

யார் முதலில் கொத்துவது?

நார்வே நாட்டுச் சிறுவன் ஒருவன் தன் வீட்டுக் கோழிகள் சண்டையிடுவதைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தான். வளர்ந்தபின் 1922ஆம் ஆண்டு அதை ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிட்டான். அவர்தான் ஷெல்டெருப்-எப்பே. கோழிக் கூட்டத்தில் சண்டை கண்மூடித்தனமாக நடப்பதில்லை. எது எதைக் கொத்தலாம் என்பதற்கு ஒரு வரிசை உண்டு என்று அவர் காட்டினார். வரிசை நிலைபெற்றபின் கொத்தல் குறைகிறது. கீழ்நிலைக் கோழி ஒதுங்கிக் கொள்வதால் சண்டை வேண்டியிருப்பதில்லை.

ஆறு கோழிகள் உள்ள கூட்டில் 15 இணைகள் உண்டு. ஏழாவதாக ஒன்றை விட்டால் அது ஆறு கோழிகளுடனும் தனித்தனியே தன் இடத்தை முடிவுசெய்ய வேண்டும். கோழிகள் ஒன்றையொன்று முக்கியமாகத் தலை, கொண்டை, கழுத்து ஆகியவற்றைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. ஆகவே வேறு கொண்டையும் வேறு உருவமும் உடைய புதுக்கோழி அவற்றுக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றும். கனத்த பெருவிடைச் சேவலை இலேசான பெட்டைகளுடன் அடைத்தால் பெட்டைகளின் முதுகில் காயம் ஏற்படும். எனவே எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதும். தீனியையும் தண்ணீரையும் இரண்டு மூலைகளில் வைத்தால் கீழ்நிலைக் கோழியும் பசியாறும்.

கப்பலில் வந்த நோய்

சண்டை கண்ணுக்குத் தெரிகிறது. அதனினும் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. 1926ஆம் ஆண்டு சாவகத்தில் கோழிகளைக் கூட்டங்கூட்டமாக அழிக்கும் நோய் ஒன்று தென்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நிலக்கரித் துறைமுகமான நியூகாசில் அருகிலும் அது தோன்றியது. தென்கிழக்காசியாவிலிருந்து கப்பல் வழியாக அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆராய்ந்த டாயில், தற்காலிகமாக இருக்கட்டும் என்று ஊர்ப்பெயரையே நோய்க்குச் சூட்டினார், அது நிலைத்துவிட்டது. 1927ஆம் ஆண்டு குமாவோன் மலையிலுள்ள இராணிக்கெட்டில் இதே நோய் காணப்பட்டதால் இந்தியாவில் அது இராணிக்கெட் நோய் ஆயிற்று. நம் மக்கள் இதை வெள்ளைக் கழிச்சல் என்பர். கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்துத் திருகல் ஆகியன இதன் அறிகுறிகள். தடுப்பூசி போடாத சிறு கூட்டத்தில் ஒன்று விடாமல் மடிந்து போவதும் உண்டு. சிறிது சிறிதாகச் சேர்த்த முதல் ஒரே வாரத்தில் போய்விடும்.

கலப்புக் கூட்டத்துக்கு இங்கே ஒரு தனி இடர் உண்டு. தடுப்பூசி போட்ட கோழி நோயின்றித் தோன்றினாலும் கிருமியைச் சுமந்து பரப்பக்கூடும். வாத்தும் பெரும்பாலும் அவ்வாறே. சந்தையில் வாங்கிய துடிப்பான புதுக்கோழி ஒன்றே போதும்.

மருந்து நம் நாட்டிலேயே பிறந்தது. முக்தேஸ்வரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940களில் கிருமியைக் கோழி முட்டைக் கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்து தடுப்பூசி ஆக்கினர். எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு அந்த வகை இன்றும் பயன்படுகிறது. ஆயினும் ஐந்தாறு கோழிகள் உள்ள வீட்டில் அவற்றைப் பிடித்து ஊசி போடுவது எளிதன்று. திறந்த மருந்தைக் குளிர்ச்சியில் காத்து உடனே செலவிடவும் வேண்டும். 1989ஆம் ஆண்டு தொடங்கிய தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் வெப்பம் தாங்கும் கிருமியைக் கொண்டு, கோழி தானாகக் கொத்தித் தின்னும் குருணைத் தடுப்பு மருந்தை உருவாக்கியது. அதன் தலைமையிடம் வடசென்னையின் மாதவரம்.

வீட்டுக் கூடும் ஒரு துறைமுகமே

1377ஆம் ஆண்டு ரகூசா என்னும் துறைமுக நகரம், கொள்ளைநோய் ஊர்களிலிருந்து வந்தோரை 30 நாள் வெளியே நிறுத்தியது. பின்னர் வெனிஸ் அதை 40 நாள் ஆக்கியது. நோய்க்குக் காரணமான கிருமியை அறியாத காலத்திலேயே எடுத்த முடிவு அது.

வீட்டுக் கூட்டுக்கும் இதே விதி பொருந்தும். புதுக்கோழியை மூன்று வாரம் தொலைவில் தனியே வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் கிருமி உள்ளிருந்தால் அறிகுறி பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். பழைய கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே புதியதிடம் செல்லுங்கள். தடுப்பு மருந்து கொடுத்தபின் சில நாள் இடையில் வலை கட்டி இரு சாராரும் பார்த்துப் பழக விடுங்கள். பின்பு பொழுது சாயும் நேரத்தில் கூட்டில் சேருங்கள். இதற்குத் தேவையானது வலைக்கதவுள்ள ஒரு பழைய மரப்பெட்டியும் சிறிது பொறுமையுமே.