வினா நாற்காலியும் வீட்டுப் பெண்ணும்

அறிவுக்கு விலை உண்டா? “உண்டு, ஒரு கோடி ரூபாய்!” என்று முரசறைந்தபடி ஒரு விளையாட்டு கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்தது. வந்த கதையைக் காண்போம். வந்த பின் அது யாருக்கு இடம் தந்தது, யாரை வாயிலிலேயே நிறுத்தி வைத்தது என்பதையும் காண்போம்.

திடீர்ச் செல்வம் என்றால் தமிழகம் முன்பு அறிந்திருந்தது பரிசுச் சீட்டைத்தான். 1968ல் அரசே அதை நடத்தத் தொடங்கிற்று. 2003ல் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. சீட்டு வாங்கியவன் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எண் வருமா வராதா என்று காத்திருப்பது தவிர! விழுந்தால் நல்லூழ், விழாவிட்டால் தலையெழுத்து. வினா விளையாட்டோ அவ்வாறன்று. நான்கு விடைகள் எதிரே நிற்கும். அவற்றுள் சரியானது ஒன்றே. குலமும் கோத்திரமும் அங்கே குறுக்கிடா. குருட்டு ஊகம் ஒருமுறை கைகொடுக்கலாம், இருமுறையும் கொடுக்கலாம். பதினைந்து படிகளையும் ஊகத்தால் மட்டுமே ஏறிவிட இயலுமோ?

இவ்விளையாட்டு பிறந்த இடம் இங்கிலாந்து. 1998 செப்டம்பர் 4ஆம் நாள் ஐ.டி.வி. தொலைக்காட்சியில் அது தொடங்கிற்று. வினாத் தொடுத்தவர் கிறிஸ் டாரண்ட். உச்சப் பரிசு பத்து இலட்சம் பவுன். இருண்ட அரங்கம், நடுவே இரு நாற்காலிகள், நெஞ்சைத் துடிக்க வைக்கும் இசை, திகைத்து நிற்போர்க்குத் துணையாக மூன்று உதவிகள் — தவறான விடைகளுள் இரண்டை நீக்குதல், நண்பரைத் தொலைபேசியில் அழைத்தல், அவையோரைக் கேட்டல். ஆலைப் பொருளைப் போல இந்த அமைப்பும் விலைக்கு விற்கப்பட்டது. உரிமை வாங்கிய நாடு தன் மொழியில் வினாக்களை அமைத்துக் கொள்ளலாம். அரங்கும் விளக்கும் இசையும் மட்டும் மூலத்தை ஒட்டியே இருத்தல் வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் வாங்கின.

2000ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் இந்தியில் அமிதாப் பச்சன் நடத்த, அது இந்தியாவுக்குள் நுழைந்தது. தமிழும் நெடுநாள் காத்திருக்கவில்லை. அதே காலத்தை ஒட்டி, சன் தொலைக்காட்சியில் ‘கோடீஸ்வரன்’ என்ற பெயருடன் நடிகர் சரத்குமார் வினாத் தொடுத்தார். பின்னர் 2012ல் விஜய் தொலைக்காட்சி ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ என்று அழைத்தது. முதலில் சூர்யா, 2013ல் பிரகாஷ்ராஜ், 2016ல் அரவிந்த்சாமி என நடத்துவோர் மாறினர், நாற்காலி மாறவில்லை.

அந்த நாற்காலியில் அமர்ந்தோர் யார்? நம் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் இதுவே.

இங்கிலாந்தில் முதன்முதலில் பத்து இலட்சம் பவுனை வென்றவர் ஜூடித் கெப்பல் என்ற பெண்மணி, ஆண்டு 2000. நம் நாட்டிலோ, அதே ஆண்டில் தொடங்கிய இந்தி நிகழ்ச்சியில் தனியொரு பெண் கோடியைத் தொடுவதற்கு 2010 வரை பத்தாண்டுகள் உருண்டோடின! 2008ல் வெளிவந்து, எட்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ திரைப்படத்தில், சேரியிலே வளர்ந்த இளைஞன் சரியான விடைகள் சொன்னதற்காகக் காவல் நிலையத்தில் வதைபடுகிறான். ‘இவனுக்கு எப்படித் தெரியும்?’ என்ற ஐயம் ஏழையைத் துரத்துகிறது. பெண்ணைப் பொறுத்தவரை அந்த ஐயத்திற்கே வேலை வைக்கவில்லை. அவளை அரங்கத்துக்கு அனுப்பினால்தானே ஐயுற!

பெண்ணுக்கு அறிவில்லையா? இராயப்பேட்டைத் தெருக்களிலும் ஏனைய ஊர்த் தெருக்களிலும் இந்நிகழ்ச்சி ஒளிபரப்பான வேளையில், கூடத்தில் அமர்ந்து ஆடவர் தலையைச் சொறிந்து கொண்டிருக்கையில், அடுக்களையிலிருந்து விடை வந்த வீடுகள் எத்தனை! விடை வந்தது, விடை சொன்னவள் வரவில்லை. அடுப்பில் உலை கொதித்துக் கொண்டிருந்ததே!

இதே இராயப்பேட்டையில் வாழ்ந்த திரு.வி.க., 1927லேயே ‘பெண்ணின் பெருமை’ என்று ஒரு நூலை எழுதி, பெண்ணுக்குரிய இடத்தைப் பற்றித் தமிழரைச் சிந்திக்க வைத்தார். நூலைப் போற்றினோம், ஆசிரியரைப் போற்றினோம். அடுக்களைக்கும் அரங்கிற்கும் இடையே இருந்த தொலைவை மட்டும் குறைத்தோமில்லை.

குறைக்கும் முயற்சி ஒன்று 2019 டிசம்பர் 23ஆம் நாள் தொடங்கிற்று. கலர்ஸ் தமிழ் தொலைக்காட்சி ‘கோடீஸ்வரி’ என்ற பெயரில் அதே விளையாட்டைப் பெண்களுக்கு மட்டும் என்று அமைத்தது. உலகில் இதுவே முதன்முறை என்று நிலையத்தார் பறைசாற்றினர். வினாத் தொடுத்தவர் ராதிகா சரத்குமார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் கணவர் அமர்ந்த இருக்கையில் மனைவி! அவர் யார் மகள் என்பதையும் எண்ணிப் பார்ப்போம். சிறு வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி நாடகக் குழுவில் சேர்ந்து, பின்னாளில் மேடையிலும் திரையிலும் மூடநம்பிக்கையைத் தோலுரித்துக் காட்டிய நடிகவேள் எம்.ஆர். இராதாவின் மகள். தந்தை ஊரைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேட்டார். மகள் எதிரே அமர்ந்த பெண்களைப் பார்த்து ‘எது?’ என்று கேட்டார்.

2020 சனவரியில் அந்த நாற்காலியில் வந்து அமர்ந்தார் மதுரைப் பெண் ஒருவர். காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். எண்ணிப் பாருங்கள்! நடத்துபவரின் குரல், அச்சமூட்டும் இசை, தொலைபேசி நண்பரின் குரல், அவையோரின் ஆரவாரம் என ஒலியால் கட்டப்பட்ட விளையாட்டு அது. ஒலி எட்டாத ஒருவர் அதன் உச்சியை எட்டினார். பதினைந்து வினாக்களுக்கும் விடையளித்து ஒரு கோடி ரூபாயை வென்றார். ‘முற்பிறவிப் பயன்’ என்று இத்தகையோரைச் சுட்டிப் பெருமூச்செறியும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அவருக்குத் துணை நின்றது எப்பிறவியும் அன்று. படிக்க வைத்த பள்ளி! வென்ற பின் தாம் பயின்ற பள்ளிக்கு உதவ வேண்டும் என்ற விருப்பத்தை அவர் வெளியிட்டதாகச் செய்தி வந்தபோது, அந்த உண்மையை அவரே நமக்கு உரைத்தார் என்று கொண்டோம்.

‘ஒரு நிகழ்ச்சியால் நாடு திருந்திவிடுமா?’ என்று கேட்பர் சிலர். திருந்திவிடாது. விளம்பரத்திற்காக நிலையத்தார் நடத்தும் வாணிபம் இது என்பதை நாம் மறந்தோமில்லை. பெண்களுக்கெனத் தனி நிகழ்ச்சி தேவைப்பட்டது என்பதே, பொது நாற்காலி பொதுவாக இல்லை என்பதற்குச் சான்று. கோடி கிடைப்பது ஒருவருக்கு. நூல் நிலையத்துக்குச் செல்ல மாலையில் ஒரு மணி நேரம் ஓய்வு கிடைக்க வேண்டியவரோ வீட்டுக்கு ஒருவர்.

எனவே நிலையத்தாரை நோக்கி நாம் கேட்பது எதுவுமில்லை. கேட்பது கூடத்தில் அமர்ந்திருக்கும் ஆடவரை. அடுத்த முறை அடுக்களையிலிருந்து சரியான விடை வந்தால், வியந்து பாராட்டிவிட்டு மீண்டும் திரையைப் பார்க்க வேண்டாம். எழுந்து சென்று உலையைப் பார்த்துக் கொள்ளுங்கள். விடை சொன்னவர் வந்து அமரட்டும்!