வூஸ்டர் பாலிடெக்னிக்கின் சமூகச் செயல்திட்டம்

பொறியியல் மாணவர்க்குச் சமூகப் பார்வையை நேரடி வேலை வழியாக ஊட்டும் பட்டப்படிப்புப் பணி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள வூஸ்டர் பாலிடெக்னிக் இன்ஸ்டிடியூட்டில், 1970இல் ஆசிரியர்கள் வாக்களித்து ஏற்ற புதிய பாடத்திட்டத்தின் அங்கம். ஐ.க்யூ.பி. என்ற சுருக்கப் பெயரால் வழங்குகிறது. இதன் வேர் பழையது. தகரப் பாத்திரத் தொழிலால் பொருளீட்டிய ஜான் பாயின்டன் கொடுத்த 1,00,000 டாலரைக் கொண்டு 1865இல் நிறுவப்பட்ட இக்கல்லூரிக்கு, கம்பி உற்பத்தியாளர் இக்கபாட் வாஷ்பர்ன் ஒரு பட்டறை கட்டித் தந்தார். பாயின்டன் கூடத்தில் பாடம், வாஷ்பர்ன் பட்டறையில் கைவேலை. பட்டறைப் பொருள்கள் விற்பனைக்கும் போயின. இரு கட்டடங்களின் கோபுரங்களும் இன்றளவும் கல்லூரியின் அடையாளம். செய்த பொருள் பிறருக்குப் பயன்படுமா என்று மாணவரைக் கேட்ட அந்தப் பட்டறை மரபின் நீட்சியாகவே 1970ஆம் ஆண்டுத் திட்டத்தைக் கொள்ள வேண்டும்.

தொழில்நுட்பமும் சமூகமும் சந்திக்கும் ஒரு சிக்கலை மூன்று, நான்கு மாணவர் கொண்ட குழு எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் செய்யப்படும் இப்பணி மூன்று பாடங்களுக்குச் சமம். பட்டத்துக்குக் கட்டாயம் என்பதே இதன் பலம். விருப்பப் பணியாக இருந்தால் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள்தான் வருவார்கள். மாணவர்கள் வெளியூரில் தங்கி இப்பணியைச் செய்யக் கல்லூரி மையங்களை நடத்துகிறது. தொழில்நுட்பமும் சமூகமும் பின்னிய சிக்கலுக்கு, அவற்றுள் 1988இல் தொடங்கிய வெனிஸ் மையத்தின் சரக்குப் படகு ஆய்வு நல்ல சான்று. அங்கே படகுகள் பொருள்வாரியாகப் பிரிந்து ஓடின. ஒரே தெருக் கடைகளுக்குக் குளிர்பானம் ஒரு படகில், ரொட்டி இன்னொன்றில். படகுகள் எழுப்பும் அலை கால்வாய்ச் சுவர்களை அரித்தது. சரக்கை இடவாரியாகப் பிரித்து அனுப்பினால் நடைகள் குறையும் என்று மாணவர்கள் பரிந்துரைத்தார்கள். எஞ்சினை மாற்றித் தீர்க்கும் சிக்கலன்று இது. வணிகரின் வழக்கத்தையும் படகோட்டிகளின் பிழைப்பையும் அறியாமல் தீர்வை நெருங்கவே முடியாது.

வெளியூர் மையத்தில் ஏழு வாரம் தங்கி ஒரு சமூகத்தை அறிவதா, இது படித்தவர்களின் சுற்றுலா என்பது வழக்கமான ஆட்சேபம். தனி மாணவரை மட்டும் பார்த்தால் அது சரிதான். ஆனால், முன்தயாரிப்புப் பாடம் முடித்தே மாணவர் புறப்படுகிறார். மையம் ஓரிடத்திலேயே நிலைத்திருப்பதால் ஒரு குழு திரட்டிய தகவல் அடுத்த குழுவுக்கு அடித்தளமாகிறது. தொழில்நுட்பப் பாடத்துக்கான நேரம் குறைகிறது என்ற குறையும் நிற்காது. யாருக்காகச் செய்கிறோம் என்றறியாத வடிவமைப்பு தொழில்நுட்பமாகவும் தோற்கும். 2016இல் இக்கல்லூரியின் செயல்திட்டக் கல்விக்கு அமெரிக்கத் தேசியப் பொறியியல் அகாதெமியின் கார்டன் பரிசு கிடைத்தது. தற்போது 50க்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன.