தெரிந்திருந்தும் நினைவுக்கு வராத வசனம்

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு (கி.பி. 632), ரபீஉல் அவ்வல் மாதத்தின் ஒரு திங்கட்கிழமை நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் வஃபாத்தானார்கள். செய்தி பரவியபோது உமர் (ரலி) அவர்கள் மக்கள் முன் எழுந்து நின்று, அல்லாஹ்வின் தூதர் இறக்கவில்லை என்று உரத்துக் கூறினார்கள். மூஸா (அலை) அவர்கள் 40 இரவுகள் தம் சமூகத்தைப் பிரிந்து சென்று மீண்டதைப் போல நபியவர்களும் மீண்டு வருவார்கள் என்றார்கள். நபி இறந்துவிட்டார் என்று கூறுவோரின் கைகால்கள் துண்டிக்கப்படும் என்றும் எச்சரித்தார்கள்.

அபூபக்ர் (ரலி) அவர்களின் மனவுறுதிக்குச் சான்றாக இந்நிகழ்ச்சியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இதில் நாம் அதிகம் சிந்திக்காத மற்றொரு படிப்பினையும் உண்டு. மனிதன் கற்றறிந்த அறிவை அவனுடைய துக்கமும் சினமும் என்ன செய்கின்றன என்பதே அது.

ஸுன்ஹ் என்னுமிடத்திலிருந்த தம் இல்லத்திலிருந்து அபூபக்ர் (ரலி) அவர்கள் குதிரையில் விரைந்து வந்தார்கள். எவரிடமும் பேசாமல் நேராக ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்குள் சென்றார்கள். நபியவர்களின் திருமுகத்தை மூடியிருந்த துணியை விலக்கி, குனிந்து முத்தமிட்டு அழுதார்கள். அதன் பின்னரே வெளியே வந்தார்கள். துக்கத்தில் அவர்கள் உமருக்குக் குறைந்தவர்கள் அல்லர். எனினும் முதலில் உண்மையை நேருக்கு நேர் கண்டு, அழுது முடித்து, பிறகே மக்கள் முன் பேசினார்கள்.

அமருமாறு உமரிடம் கூறினார்கள், உமர் அமரவில்லை. ஆகவே மக்களை நோக்கிப் பேசத் தொடங்கி, ஆல இம்ரான் அத்தியாயத்தின் 144ஆம் வசனத்தை ஓதினார்கள். முஹம்மத் (ஸல்) ஒரு தூதரே என்பதையும், அவர் மரணித்தாலோ கொல்லப்பட்டாலோ நீங்கள் பின்வாங்கி விடுவீர்களா என்ற கேள்வியையும் உடைய வசனம் அது.

அன்று அவ்வசனம் புதியதன்று. ஹிஜ்ரி 3இல் உஹுத் போர்க்களத்தில் நபியவர்கள் கொல்லப்பட்டதாக வதந்தி பரவி முஸ்லிம்கள் நிலைகுலைந்ததை ஒட்டி அருளப்பட்டது. ஏறத்தாழ 7 ஆண்டுகளாக ஓதப்பட்டு வந்தது. இத்தகைய ஒரு நாளுக்காகவே அல்லாஹ் அவர்களை முன்கூட்டியே ஆயத்தப்படுத்தியிருந்தான் என்றும் கூறலாம். ஆனால் அந்த நாள் வந்தபோது, அபூபக்ர் ஓதும் வரை இப்படியொரு வசனம் இறங்கியிருப்பதையே மக்கள் அறியாதவர்கள் போலிருந்தனர் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். அதைச் செவியுற்றதும் தம் கால்கள் தம்மைத் தாங்கவில்லை என்றும், தரையில் வீழ்ந்துவிட்டதாகவும் உமர் (ரலி) அவர்களே பின்னர் கூறினார்கள்.

உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக் காலத்தில் இப்னு அப்பாஸிடம் தெரிவித்த விளக்கம் இன்னும் ஆழமானது. தூதர் உங்கள் மீது சாட்சியாளராக இருப்பார் என்னும் கருத்துடைய அல்பகரா 143ஆம் வசனத்தைத் தாம் ஓதிவந்ததாகவும், ஆகவே சமூகத்தின் இறுதிச் செயல்கள் வரை சாட்சி கூற நபியவர்கள் நம்மிடையே இருப்பார்கள் என்று எண்ணியிருந்ததாகவும் அவர்கள் சொன்னார்கள். இதைக் கவனியுங்கள். அன்று அவர்களிடம் அறிவு இல்லாமல் போகவில்லை. ஒரு வசனம் நெஞ்சில் நின்றது, மற்றொன்று மறைந்தது. பிரிவைத் தாங்க இயலாத உள்ளம், தன் ஆசைக்கு இசைந்ததைப் பற்றிக்கொண்டது.

இது உமர் (ரலி) அவர்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தம் மீது அவதூறு சுமத்தப்பட்டுத் துயருற்றிருந்த வேளையில் ஆயிஷா (ரலி) அவர்கள் யஅகூப் (அலை) அவர்களின் பொறுமையை எடுத்துச் சொல்ல விரும்பினார்கள். ஆனால் எவ்வளவு முயன்றும் அப்பெயர் நினைவுக்கு வராததால் 'யூசுஃபின் தந்தை' என்றே குறிப்பிட்டார்கள். அதே நிகழ்ச்சியில் அபூபக்ர் (ரலி) அவர்களும் சினமுற்று, அவதூறில் பங்குகொண்ட தம் உறவினர் மிஸ்தஹுக்கு இனி உதவுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அந்நூர் அத்தியாயத்தின் 22ஆம் வசனம் அருளப்பட்டதும் உதவியைத் தொடர்ந்தார்கள். ஒருநாள் பிறருக்கு நினைவூட்டியவருக்கே மற்றொரு நாள் நினைவூட்டல் தேவைப்பட்டது.

எனில் இதற்குத் தீர்வு என்ன? உமர் (ரலி) அவர்களின் ஆட்சியையே (ஹிஜ்ரி 13 முதல் 23 வரை) பார்ப்போம். அவர்களுடைய அவையில் முதியோர், இளையோர் என்ற வேறுபாடின்றிக் குர்ஆனை நன்கு அறிந்தவர்கள் இடம்பெற்றிருந்தனர். ஒருமுறை உயைனா இப்னு ஹிஸ்ன் அவைக்கு வந்து, நீர் எங்களுக்குத் தாராளமாகத் தருவதுமில்லை, நீதியுடன் நடப்பதுமில்லை என்று குற்றம் சாட்டினார். உமர் சினங்கொண்டு அவரைத் தண்டிக்க முனைந்தார்கள். அப்போது உயைனாவின் உடன்பிறந்தார் மகனும் அவையினருள் ஒருவருமான அல்ஹுர்ரு இப்னு கைஸ், மன்னிப்பை மேற்கொண்டு அறிவிலிகளைப் புறக்கணிக்கச் சொல்லும் அல்அஅராஃப் 199ஆம் வசனத்தை ஓதினார். உமர் அவ்விடத்திலேயே நின்றுவிட்டார்கள். ஓர் அடியும் மேலே செல்லவில்லை. சினம் அறிவை மறைக்கும் நேரத்தில் அதை எடுத்துச் சொல்ல அருகில் ஒருவர் இருந்தார். அவருடைய வயதையோ தகுதியையோ பாராமல் கேட்கும் பணிவு கலீஃபாவிடம் இருந்தது.

நீதித்துறையில் இதுவே சட்டமாயிற்று. நபித்தோழர் அபூபக்ரா (ரலி) அவர்கள், ஸிஜிஸ்தானில் இருந்த தம் மகனுக்குக் கடிதம் எழுதி, கோபத்தில் இருக்கும்போது இருவருக்கிடையே தீர்ப்பளிக்க வேண்டாம் என்னும் நபிமொழியை நினைவூட்டினார்கள். இந்நபிமொழி கோபத்தை மட்டுமே குறிப்பிட்ட போதிலும், அறிஞர்கள் அதன் காரணத்தை ஆராய்ந்து விரிவாக்கினார்கள். தாங்க இயலாத பசி, அளவு மீறிய உணவு, கவலை, பெருமகிழ்ச்சி, மனம் வேறொன்றில் சிக்கியிருத்தல் ஆகிய நிலைகளையும் இமாம் நவவி (மறைவு ஹிஜ்ரி 676) இதனுடன் சேர்க்கிறார்கள். காழி எவ்வளவு கற்றவராயினும், அந்நேரத்தில் அவருடைய சிந்தனை சீராக இயங்காது என்பதே அடிப்படை.

ஹிஜ்ரி 322இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் தம் நூலில் உடல் நலத்தோடு உள்ளத்தின் நலத்தையும் ஆராய்ந்தார். திடீர் நோய்க்காக மருந்துகளை முன்பே வீட்டில் வைத்திருப்பதைப் போல, கொந்தளிப்பு வரும் நேரத்திற்கான நல்ல எண்ணங்களை அமைதியான காலத்திலேயே சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை.

நம் மஹல்லாக்களில் தலாக் என்ற சொல் பெரும்பாலும் எந்த நேரத்தில் உச்சரிக்கப்படுகிறது? தந்தையின் ஜனாஸா அடக்கப்பட்ட அன்றே சொத்துப் பேச்சைத் தொடங்கிய எத்தனை உடன்பிறந்தோர் பேச்சுவார்த்தையின்றிப் பிரிந்திருக்கின்றனர்? மனத்தைப் பதறச் செய்யும் ஒரு செய்தி கைப்பேசியில் வந்தவுடன், விசாரித்தறியச் சொல்லும் இறைக்கட்டளையை அறிந்தவர்களும் அதை மற்றவர்களுக்கு அனுப்பிவிடுவது ஏன்? இவர்களில் பலர் மார்க்கம் தெரியாதவர்கள் அல்லர். தெரிந்தது அந்நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

ஆகவே முடிவைச் சற்றே தள்ளிப்போடுங்கள். நின்றிருக்கையில் கோபம் வந்தால் உட்காரவும், தணியாவிட்டால் படுத்துக்கொள்ளவும் நபியவர்கள் கற்பித்தார்கள். அல்லாஹ்வை நினைவூட்டக்கூடிய ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மனைவியாகவோ, மதரஸாவில் ஓதும் உங்கள் பிள்ளையாகவோ இருக்கலாம். அவர் நினைவூட்டும்போது 'எனக்குத் தெரியாதா?' என்று கேட்டுவிடாதீர்கள். உமர் (ரலி) அவர்களுக்கும் தெரிந்திருந்தது.