மோனிஷா: விருதில் தொடங்கிய ஆறாண்டுகள்

சிறந்த நடிகைக்கான தேசிய விருது 1985ஆம் ஆண்டுக்கு ‘சிந்து பைரவி’யில் நடித்த சுகாசினிக்கும், 1987ஆம் ஆண்டுக்கு ‘வீடு’ படத்தில் நடித்த அர்ச்சனாவுக்கும் கிடைத்தது. இருவரும் அதற்கு முன்பே பல படங்களில் தேர்ந்தவர்கள். இடைப்பட்ட 1986ஆம் ஆண்டுக்கான விருதோ, முதன்முறையாகக் கேமரா முன் நின்ற ஒரு பள்ளி வயதுப் பெண்ணுக்குச் சென்றது. மலையாளப் படத்துக்காக அதற்குமுன் அவ்விருதைப் பெற்றவர் சாரதா ஒருவரே. அவருக்குப் பின் வந்த மோனிஷா, அவ்விருதை மிக இளம் வயதில் வென்றவர் என்ற பெருமையையும் பெற்றார்.

1971 ஜனவரி 24 அன்று பிறந்த மோனிஷா, வளர்ந்தது பெங்களூரில். தாயார் ஸ்ரீதேவி உண்ணி மோகினியாட்டக் கலைஞர். ஆகவே நடிப்புக்கு முன்பே நாட்டியம் அவருக்கு வாய்த்திருந்தது. எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் இயக்கிய ‘நகக்ஷதங்கள்’ (1986) அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது.

அந்தப் படத்தில் இரண்டு இளம்பெண்கள். சலீமா ஏற்ற லட்சுமிக்குப் பேச்சு வராது. மோனிஷா ஏற்ற கௌரிக்குப் பேச்சு உண்டு. ஆனால் அடுத்த வீட்டில் வேலை செய்து பிழைக்கும் ஏழைப் பெண்ணுக்கு மனத்தில் உள்ளதைச் சொல்லும் உரிமை எவ்வளவு? வினீத் ஏற்ற ராமுவின் மீதுள்ள காதலையும், அவனை விட்டுக்கொடுக்க நேரும் வேதனையையும் பார்வையாலும் தயக்கத்தாலுமே அவர் உணர்த்த வேண்டியிருந்தது. பயின்ற நாட்டியம் இங்கே கைகொடுத்தது. மேடைக்குரிய மிகை மட்டும் வரவில்லை. கண்ணின் மொழி தெரிந்த ஒருவர் அதை அளவோடு பயன்படுத்தியதே அந்த நடிப்பின் சிறப்பு.

முதல் படத்திலேயே உச்ச விருது பெறுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. விருது திறமையை ஊரறியச் செய்யும்; அத்திறமைக்கேற்ற பாத்திரங்களை எழுதித் தராது. அக்கால மலையாளத் திரையுலகில் மம்மூட்டி, மோகன்லால் ஆகியோரைச் சுற்றியே பெரிய கதைகள் எழுதப்பட்டன. ‘ஆர்யன்’ (1988), ‘அதிபன்’ (1989) போன்ற வெற்றிப் படங்களில் நடித்தும், நாயகனின் கதையில் ஓரத்து இடமே மோனிஷாவுக்குக் கிடைத்தது. தமிழிலும் ‘நகக்ஷதங்கள்’ கதையே ‘பூக்கள் விடும் தூது’ (1987) என வந்தபோது அவரே நடித்தார். ‘உன்ன நெனச்சேன் பாட்டு படிச்சேன்’ (1992) படத்தால் நம் ரசிகர்களுக்கும் நன்கு அறிமுகமானார். எனினும் அந்த மறுஆக்கம் தவிர, கௌரிக்கு நிகரான பாத்திரம் தமிழில் அமையவில்லை.

எழுத்து வலுவாக அமைந்த இடங்களிலெல்லாம் அவர் மறுபடி ஒளிர்ந்தார். எம்.டி.யின் எழுத்தில் அஜயன் இயக்கிய ‘பெருந்தச்சன்’ படத்தில், திலகன் ஏற்ற தச்சனின் மகன் மனம் பறிகொடுக்கும் உயர்குலப் பெண் அவர். மகனாக நடித்தவர் நம் பிரசாந்த். குலம் கடந்த அந்த ஈர்ப்புதான் தந்தை கையாலேயே மகன் சாகும் துயரத்துக்கு ஒரு காரணமாகிறது. காட்சிகள் அதிகமில்லை, ஆனால் அவர் இல்லாமல் கதை நகராது.

லோகிததாஸ் எழுதி சிபி மலயில் இயக்கிய ‘கமலதளம்’ (1992) படத்தில் நாட்டியமும் நடிப்பும் ஒன்று சேர்ந்தன. மனைவியை இழந்து மதுவில் மூழ்கிய நாட்டிய ஆசிரியர் நந்தகோபனாக மோகன்லால். அவரிடம் பயிலும் மாணவி மாளவிகாவாக மோனிஷா. குருவின் மீதான வெறுப்பு மெல்லக் கரைந்து பக்தியாக மாறும் வளர்ச்சி அப்பாத்திரத்துக்கு உண்டு. தேர்ந்த நாட்டியக்காரி ஒருவர் ஏற்றதால்தான் படத்தில் வரும் அரங்கேற்றக் காட்சியை நம்ப முடிகிறது.

அதே ஆண்டில் ‘குடும்பசமேதம்’, ‘சம்பக்குளம் தச்சன்’, ‘தலஸ்தானம்’ என அடுத்தடுத்துப் படங்கள் வந்தன. முதல் விருதின் நிழலிலிருந்து வெளிவந்து, நல்ல பாத்திரங்களை எட்டத் தொடங்கிய காலம் அது. ‘செப்படிவித்யா’ படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது, 1992 டிசம்பர் 5 அன்று சேர்த்தலை அருகே நேர்ந்த கார் விபத்தில் மோனிஷா உயிரிழந்தார். உடன் பயணித்த தாயார் காயங்களுடன் பிழைத்தார். மோனிஷாவுக்கு வயது 21.

ஓராண்டு கழித்து, 1993 டிசம்பரில் ‘மணிச்சித்ரத்தாழ்’ வெளியானது. நாட்டியத்தையும் நடிப்பையும் ஒருசேரக் கோரிய பாத்திரத்துக்காக ஷோபனா தேசிய விருது பெற்றார். நாட்டியம் பயின்ற நடிகையை நம்பி ஒரு முழுப் படத்தை எழுதலாம் என்பதை மலையாளத் திரையுலகம் மெய்ப்பித்த நேரத்தில், அதற்குத் தகுதியான இன்னொருவர் உயிரோடு இல்லை.

மோனிஷாவைப் பற்றிய பேச்சு இன்றும் அந்த விபத்தில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. அனுதாபம் அவரது கலையை மறைத்துவிடலாகாது. ‘நகக்ஷதங்கள்’, ‘பெருந்தச்சன்’, ‘கமலதளம்’ ஆகிய மூன்று படங்களையும் வரிசையாகப் பாருங்கள்: 16 வயதில் கிடைத்த விருது அதிர்ஷ்டத்தால் வந்ததன்று என்பது விளங்கும்.