கீழ்வெட்டுப்பற்களின் வேர்க்கால்வாய் வேறுபாடுகள்: காரணம், வகை, கண்டறிமுறை

1. வரையறை

கீழ்த்தாடையின் முன்புறம் நடுவில் இரண்டும் அவற்றின் பக்கத்தில் இரண்டுமாக அமைந்த நான்கு பற்களைக் கீழ்வெட்டுப்பற்கள் என்கிறோம். நரம்பும் இரத்தக்குழாயும் செறிந்த மென்திசு பற்கூழ். அது பல்லின் மேற்பகுதியில் தங்கும் இடம் பற்கூழறை. அங்கிருந்து வேருக்குள் இறங்கும் வழி வேர்க்கால்வாய். வேரைவிட்டு வெளியேறும் வாய் நுனித்துளை. கால்வாயையும் துளையையும் தனித்தனியே எண்ண வேண்டும். கால்வாய் இரண்டானால் துளையும் இரண்டாக வேண்டும் என்பதில்லை.

2. காரணம்

இப்பற்களின் வேர் பக்கவாட்டில் ஒடுங்கி, உதட்டுப்புறத்திலிருந்து நாப்புறம் நோக்கி அகன்றது. ஆதலால் கால்வாயின் குறுக்குவெட்டு பெரும்பாலும் நாடாபோல் நீண்டிருக்கும். வேரின் பக்கங்களில் நெடுகப் பள்ளம் ஓடும்போது, உள்ளே எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்குகின்றன. வயது ஏற ஏற உட்சுவரில் இரண்டாம்நிலைத் தந்தினி (பற்கூழைச் சூழ்ந்த வன்திசு) படிகிறது. நெருங்கிய இடம் அடைபட, உதட்டுப்புறம் ஒன்றும் நாப்புறம் ஒன்றுமாகக் கால்வாய் பிரிகிறது. அடைப்பு நிறைவுறாத இடத்தில் எஞ்சும் குறுகிய பிளவை இணைப்பிடுக்கு எனலாம்.

3. வகைகள்

ஆய்வாளர் வெர்டுச்சி 1984இல் விளக்கிய எட்டு வகைகளுள் இங்கு முதன்மையானவை ஐந்து.

முதல் வகை: அறை முதல் நுனி வரை ஒரே கால்வாய். மிகுதியாகக் காணப்படுவது இதுவே.
இரண்டாம் வகை: இரண்டாகப் புறப்பட்டு, நுனிக்கு முன் ஒன்றாதல்.
மூன்றாம் வகை: ஒன்றாகப் புறப்பட்டு, இடையில் இரண்டாகி, மீண்டும் ஒன்றாதல்.
நான்காம் வகை: தொடக்கம் முதல் நுனி வரை இரண்டாகவே செல்லுதல்.
ஐந்தாம் வகை: ஒன்றாக இறங்கி, நுனியருகே இரண்டாதல்.

பெஞ்சமின், டௌசன் இருவரும் 1974இல் 364 பற்களை ஆராய்ந்தனர். 41.4 விழுக்காட்டில் இரு கால்வாய்கள் இருந்தன. தனித்தனி நுனித்துளைகள் 1.3 விழுக்காட்டில் மட்டுமே. பிரிந்தவை பெரும்பாலும் நுனிக்குள் சேர்ந்துவிடுகின்றன என்பது இதனால் விளங்கும். மக்களினமும் ஆய்வுமுறையும் மாறும்போது இவ்வளவுகளும் மாறுகின்றன.

4. கண்டறியும் படிகள்

முதலாவது, எக்ஸ்ரே. நேராக எடுத்த படத்தில் இரு கால்வாய்களும் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்து ஒன்றாகத் தெரியும். கோணம் மாற்றி இன்னொரு படம் எடுக்க வேண்டும். அகன்று இறங்கும் கால்வாயின் நிழல் வேரின் நடுவில் சட்டென மங்கினால், அங்கே அது பிரிவதாக ஐயுறல் தகும்.

இரண்டாவது, திறப்பு. வழக்கமாக நாப்புறத்திலிருந்தே துளையிடுகிறோம். ஆயினும் அங்குள்ள தந்தினி மேடு நாப்புறக் கால்வாயின் வாயை மூடி நிற்கிறது; கருவியும் உதட்டுப்புறமே சரிகிறது. மேட்டை அளவோடு நீக்கித் திறப்பை நீட்ட வேண்டும்.

மூன்றாவது, துழாவல். 10ஆம் எண் ஃபைல் என்னும் மெல்லிய கால்வாய்க் கருவியின் நுனியைச் சற்றே வளைத்து, நாப்புறச் சுவரை ஒட்டி மெல்ல இறக்க வேண்டும். நுனி ஓரிடத்தில் பற்றி உள்ளிழுபட்டால், அது இரண்டாம் வழியாக இருக்கலாம். ஐயம் தீராவிடில் கூம்புக்கதிர் சிடி ஸ்கேன் துணைசெய்யும்.

5. முடிபு

துளை ஒன்றே என்பதால் ஒரு கால்வாயைத் தூய்மை செய்தால் போதும் என்று கொள்ளலாகாது. விடுபட்ட கால்வாயிலும் இணைப்பிடுக்கிலும் தங்கும் கிருமிகள் வேர்நுனியில் நோயை நீடிக்கச் செய்யும். ஆகவே, இல்லையென்று தேடித் தெளியும்வரை, ஒவ்வொரு கீழ்வெட்டுப்பல்லிலும் இரண்டாம் கால்வாய் உண்டென்றே கொண்டு சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.