சுவரும் ஓட்டையும்

‘தீச்சுவர்’ என்று கேட்டதும் கொழுந்துவிட்டு எரியும் சுவர்தான் எனக்கு முதலில் கண்ணில் வரும். மண்சுவர் மண்ணால் ஆனது, கற்சுவர் கல்லால் ஆனது. இது மட்டும் தீயைத் தடுக்கிறதாம். இலக்கணம் தெரிந்தவர்கள் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று முடித்துவிடுவார்கள். சரிதான், கொசுவலையைக் கொசுவால் பின்னியதாக யார் நினைக்கிறார்கள்?

ஆங்கில ‘ஃபயர்வால்’ கொத்தனாரின் சொல். ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் தீ அடுத்ததற்குத் தாவாமலிருக்க நடுவே எழுப்பும் சுவர். 1666 செப்டம்பரில் லண்டன் ரொட்டிக்காரர் வீட்டில் பிடித்த தீ 13,000-க்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. இனிச் செங்கல்லோ கருங்கல்லோதான் என்று மறு ஆண்டே சட்டம் வந்தது.

பிறகு மோட்டார் வண்டியில் எஞ்சினுக்கும் ஓட்டுபவரின் காலுக்கும் இடையே நிற்கும் தகட்டுக்கும் அதே பெயர். சொல்லின் குணம் மாறியது இங்கேதான் என்பேன். வீட்டுச் சுவரில் ஓட்டை இருந்தால் வேலை கெட்டது. இந்தத் தகட்டில் இருந்தே ஆகவேண்டும். ஸ்டீயரிங் தண்டும் ஒயர்களும் அதைத் துளைத்துத்தான் போகின்றன, விளிம்பில் ரப்பர் வளையத்தோடு.

1980களின் பிற்பகுதியில் கணினி வலையமைப்புக்காரர்கள் சொல்லை எடுத்துக்கொண்டபோது சுவரைவிட ஓட்டைகளே பெரிய விஷயமாகிவிட்டன. போர்ட் என்னும் தகவல் வாசல்களின் எண்கள் 65,535 வரை ஓடுகின்றன; எதைத் திறப்பது, எதை அடைப்பது என்பதே வேலை. 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது, ஆனால் தானாக இயங்காது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் புழு 135-ஆம் போர்ட் வழியே புகுந்து, வீட்டுக் கணினிகளை அறுபது விநாடி எண்ணவைத்து அணைத்தது. மறு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2-க்குப் பிறகே ஃபயர்வால் முதலிலிருந்தே ஓடும் நிலைக்கு வந்தது.

தமிழில் தீச்சுவர், நெருப்புச்சுவர், தீயரண் மூன்றும் எழுத்தில் உண்டு. என் ஓட்டு தீயரணுக்கு. அரண் என்றாலே வாயிலும் காவலும் சேர்ந்து வரும். திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே இருக்கிறது. கணினியில் இல்லாத ‘தீ’ முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பேச்சில் என்னவோ ஃபயர்வால்தான்.

போன மாதம் என் மடிக்கணினியின் ஃபோல்டர் மாடிக் கணினிக்குத் தெரியவில்லை. “ஃபயர்வாலை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க சார்” என்றார் பழுது பார்க்கிற தம்பி. கொசுவலையைக் கழற்றிவிட்டுக் காற்று வருகிறதா என்று பார்க்கச் சொல்கிற யோசனை. அணைக்காமல் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். விதி அனுமதிக்காத எதுவும் வெளியிலிருந்து உள்ளே வர முடியாது, உள்ளிருந்து போவதற்குத் தடையில்லை. விண்டோஸில் வழக்கமான ஏற்பாடு இதுதான். குற்றம் என்னுடையது: வீட்டு வைஃபையைப் ‘பொது’ என்று குறித்து வைத்திருந்தேன், ஏதோ ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. ‘தனிப்பட்டது’ என்று மாற்றினேன், ஃபோல்டர் தெரிந்தது. அப்படியே அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியலையும் பார்த்தேன். எப்போதோ நீக்கிவிட்ட ஒரு விளையாட்டின் பெயர் இன்னும் அதில் இருந்தது. அந்த வழியையும் அடைத்தேன்.