குருதியும் கூட்டுக்குரலும்: ‘ஸ்வீனி ரொட்’ பார்வையாளரைக் கூத்துக்களரியிலிருந்து நோக்கல்

ரிம் பேர்ட்டனின் ‘ஸ்வீனி ரொட்’ திரைப்படம் 2008 ஜனவரியில் பிரித்தானியத் திரையரங்குகளுக்கு வந்தபோது பார்வையாளர் சிலர் இடையில் எழுந்து வெளியேறினர். நாவிதனின் சவரக்கத்தி கழுத்துகளை வரிசையாக அறுப்பது அவர்களை விரட்டவில்லை. பாத்திரங்கள் பாடத் தொடங்கியதே விரட்டியது. முன்னோட்டத்தில் பாட்டை ஒளித்துவிட்டார்கள் என்று விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்புக்கு முறைப்பாடும் போனது. கொலையைப் பொறுத்தவர்கள் பாட்டைப் பொறுக்கவில்லை என்று இதை வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மட்டக்களப்புக் கூத்துக்களரியின் ஓரத்திலிருந்து பார்த்தால் அதில் வேடிக்கை குறைவு.

மட்டக்களப்பின் வடமோடிக் கூத்துகள் பெரும்பாலும் போரையும் சாவையும் பாடுபவை. கர்ணன் சாவான் என்பது களரியைச் சுற்றி இருப்பவர்களுக்கு முதல் வரவுக்கு முன்பே தெரியும். கூத்தர் ஒரு வரியைப் பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவர். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் மத்தளம் இரண்டையும் பிணைக்கும். சிவப்புச் சாயம் வேண்டியதில்லை. கொல்பவன் தனியே கொல்வதில்லை, சாகிறவனும் தனியே சாவதில்லை. இருவரையும் ஊர்க்குரல் ஒன்று சுமந்து செல்கிறது. விடியும்வரை விழித்திருப்பவர் அந்தக் குரலின் பக்கம் நின்றே கொலையைக் காண்கிறார்.

படத்துக்கு மூலமான ஸ்டீபன் சொண்ட்ஹைமின் இசைநாடகத்திலும் (1979) இத்தகைய குரல் இருந்தது. கூட்டுப்பாடகர் சபையை நோக்கி நாவிதன் கதையைக் கேளுங்கள் என்று ஒரு கதைப்பாடலைத் தொடங்குவர். இறுதியில் செத்தவர்களும் எழுந்து வந்து சேர்ந்து பாடுவர். பேர்ட்டன் இந்தக் கதைப்பாடலின் பாடற்பகுதியை நீக்கி, மெட்டை மட்டும் பின்னணியில் விட்டார். படம் முடியும்போது எஞ்சுவது, அடையாளந் தெரியாமல் தானே கொன்ற மனைவியின் உடலைத் தாங்கியபடி கழுத்தறுபட்டுக் கிடக்கும் ஒருவன். பாட்டு தனிமனித மூளைக்குள் அடைபட்டுவிட்டது. அதைச் செயற்கை என்று பார்வையாளர் உணர்ந்தது இயல்பே என்பது என் வாதம்.

செத்தவர் எழுந்து பாடுவது செய்யும் வேலையை எங்கள் பக்கத்தில் கண்ணகி வழிபாடு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. செட்டிபாளையம், தம்பிலுவில், காரைதீவு போன்ற ஊர்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுகிறது. கோவலன் வெட்டுண்டது, முலை திருகி எறிந்தது, மதுரை எரிந்தது எதுவும் மென்மையாக்கப்படுவதில்லை. ஆனால் சடங்கு அங்கே நிற்காது. குளிர்த்தி பாடியாக வேண்டும். அம்மனின் வெப்பம் கொள்ளைநோயாகவும் வறட்சியாகவும் ஊரைத் தாக்கும் என்ற நம்பிக்கையில், அவளைக் குளிர்விப்பது கேட்டிருந்த ஊரையும் குளிர்விப்பதாகிறது. பேர்ட்டனின் படத்தில் குளிர்த்தி இல்லை.

கொலையைக் கேட்டவரைப் பாட்டு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்ற கேள்வி மட்டக்களப்பின் வாகரையில் வெறும் அழகியலாக நிற்பதில்லை. உள்நாட்டுப் போரின்போது, 2006 நவம்பர் 8 அன்று, அப்பகுதியின் கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சமடைந்திருந்த மக்கள் மீது எறிகணைகள் வீழ்ந்தன. 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது. இம்மண்ணின் பார்வையாளர் குருதிக்கு மரத்துப்போனவர் என்றோ, குருதிக் காட்சியே அவருக்கு ஆகாது என்றோ வெளியிலிருந்து முடிவுகட்டுவது எளிது. இரண்டு முடிவும் குருதியின் அளவை மட்டுமே அளக்கின்றன. கேட்பவர் யாரோடு அமர்ந்து கேட்கிறார், பாட்டு அவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பவற்றை அளப்பதில்லை.

பேர்ட்டன் பக்கத்திலும் நியாயம் உண்டு. முகத்தை அண்மையில் காட்டும் கமராவின் முன், சபையை நோக்கிப் பாடும் கூட்டம் ஒட்டாமல் நிற்கலாம். சு. வித்தியானந்தனும் 1960களில் விடியவிடிய நடந்த கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடைக்காகச் சுருக்கினார். ஆயினும் ஆட்டத்தையும் பாட்டையும் முதன்மையிலிருந்து இறக்கவில்லை. முன்னோட்டத்தில் பாட்டை மறைத்த விநியோகஸ்தரும் கூட்டுப்பாடகரை அகற்றிய இயக்குநரும் ஒரே கூச்சத்துக்கு ஆளானவர்களாகவே எனக்குப் படுகிறது: இது பாடப்படும் கதை என்று சபைக்கு முகங்கொடுத்துச் சொல்வதிலுள்ள கூச்சம். கூத்தில் கட்டியகாரன் முதலில் வந்து செய்யும் வேலையே அப்படிச் சொல்வதுதான்.